உழவு இயந்திரத்தை ஓட்டுமுன் நிறுத்தப் பழகுவோம்

‘லான்ட்மாஸ்ரர்’ என்று சொன்னால் எமது கிராமங்களில் விளங்காதவர்கள் இல்லை. அது உண்மையில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தின் பெயர். அந்தக் கம்பனியின் இயந்திரங்களை இன்று காண்பது அரிது. இப்போது எமது முற்றங்களில் நிற்பவை ஜப்பானிய குபோட்டாவும் சீனத் தயாரிப்புகளுந்தான். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. திணைக்களக் கடிதங்களில் இதனை இருசில்லு உழவு இயந்திரம் என்று எழுதுவார்கள். ஒரே ஒரு சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சின், இரண்டு சில்லுகள், நீண்ட இரண்டு கைபிடிகள், பின்னால் மண்ணைக் கிளறும் றொட்டவேற்றர். றொட்டவேற்றரைக் கழற்றிப் பெட்டியைக் கொழுவிவிட்டால் அதுவே எமக்கு லொறி, அதுவே நோயாளியை ஏற்றும் வண்டி, சில வேளைகளில் அதுவே மாப்பிள்ளை ஊர்வலமும்.

1995 ஒக்ரோபரில் வலிகாமம் மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோதும், 2008 இலும் 2009 இலும் மன்னாரிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தபோதும், இந்த இயந்திரத்தின் பெட்டியில்தான் எத்தனையோ குடும்பங்களின் நெல்மூட்டைகளும் கூரைத் தகடுகளும் முதியவர்களும் சென்றார்கள். பலர் அதனையும் இடையில் கைவிட்டுத்தான் வரவேண்டியிருந்தது. மீளக்குடியேறிய பின்னர் அரச திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் கமக்காரர் அமைப்புகளுக்கும் குடும்பங்களுக்கும் இயந்திரங்களை வழங்கின. சொந்தக் காணிக்கு இன்னமும் திரும்ப முடியாமல், குத்தகைக் காணியிலும் உறவினர் காணியிலும் கமம் செய்யும் குடும்பங்களைப் பொறுத்தவரை, இந்த இயந்திரம் காணியைவிடவும் உறுதியான சொத்து. காணி ஒருவர் தருவது, இயந்திரம் கூடவே வருவது. ஐப்பசியில் அது படுத்துவிட்டால் அந்தக் காலபோகம் போய்விடும். அதை ஓட்டுகிறவரின் கால் போய்விட்டால் பல காலபோகங்கள் போய்விடும்.

ஆகவே இக்கட்டுரையில் இயந்திரத்தைப் பாதுகாப்பதையும் ஆளைப் பாதுகாப்பதையும் இரண்டாகப் பிரித்து எழுதவில்லை. பராமரிக்காத இயந்திரந்தான் ஆளையும் வெட்டுகிறது.

முதலில் நிறுத்துவது

பயிற்சி வகுப்புகளில் எல்லோரும் முதலில் கேட்பது, எப்படி ஓட்டுவது என்பதையே. எப்படி நிறுத்துவது என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எனது எண்ணம். ஒரு வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ இருந்தால் போதும். நிறுத்தத் தெரிந்தவர்களாக அந்த வீட்டில் எல்லோரும் இருக்க வேண்டும். அம்மா, அம்மம்மா, பாடசாலைக்குப் போகும் பிள்ளை, எல்லோரும். ஓட்டுகிறவர் கால் சிக்கி நிற்கும்போது அவரால் கைபிடியை எட்ட முடியாது. அருகில் நிற்பவர் அலறிக்கொண்டு ஊருக்குள் ஓடுவதில் பயனில்லை.

நிறுத்துவதற்கு இரண்டு அசைவுகள் உண்டு. முதலாவது, பெரிய கிளச் தடியைப் பின்னால் இழுப்பது. பெரும்பாலான இயந்திரங்களில் இத்தடி முன்னால் இருக்கும்போது எஞ்சினின் சக்தி சில்லுக்கும் றொட்டவேற்றருக்கும் போகும். பின்னால் இழுத்தால் அது அறுபடும். இன்னும் இழுத்தால் பிறேக் பிடிக்கும். இரண்டாவது, வேகக் கைபிடியை நிறுத்தும் பக்கத்துக்கு முழுவதும் தள்ளுவது. இது எஞ்சினுக்குப் போகும் டீசலை வெட்டிவிடும். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். ஆகவே சிவப்புப் பெயின்ற் வாங்கி, நிறுத்தும் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கிளச் தடியின் நுனியையும் சிவப்பாக்குங்கள். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குடும்பமாக நின்று, ஒவ்வொருவரும் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள்.

இன்னுமொரு பழக்கம் பரவலாக உண்டு. எஞ்சின் தலையிலுள்ள சிறிய கைபிடியைத் தூக்கி, அமுக்கத்தை விடுவித்து எஞ்சினை நிறுத்துகிறார்கள். அக்கைபிடி எஞ்சினைச் சுழற்றித் தொடக்குவதற்காகவே உள்ளது. ஓடும் எஞ்சினில் அதைத் தூக்கினால் வால்வுகள் பழுதாகும்.

தொடக்கும்போது ஹான்டிலைப் பெருவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கத்தில் இருக்குமாறு பிடிக்க வேண்டும். முட்டியாகப் பிடித்தால், எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது பெருவிரலோ மணிக்கட்டோ முறியும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் ஹான்டில் தானாக விடுபடும். அந்த நேரத்தில் கையை விட்டுவிட்டால் அது சுழன்று வந்து முகத்தில் அடிக்கும். ஹான்டிலின் வாய் தேய்ந்திருந்தால் விடுபடாமலே சுழலத் தொடங்கும். அப்படியானால் அதைப் பிடிக்கப் போகாமல் விலகி நின்று, மறுபக்கமாக வந்து டீசலை வெட்டுங்கள். தேய்ந்த ஹான்டிலை மாற்றுவதற்கு ஆகும் செலவு, கை முறிந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் செலவுக்குக்கூட வராது.

கத்திகளுக்குக் கிட்ட

றொட்டவேற்றரின் கத்திகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 300 தடவை சுற்றுகின்றன. அதாவது ஒரு செக்கனுக்குள் மூன்று முதல் ஐந்து சுற்று. ஒரு தண்டில் பதினாறு, இருபது கத்திகள் இருக்கும். கால் வழுக்கியபின் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதற்கு அங்கே நேரம் கிடையாது.

கத்திகளில் புல்லும் கோரையும் பழைய கயிறும் சுற்றிக்கொள்வது வழமை. விபத்துகளில் அநேகமானவை இதைக் கழற்றும்போதே நடக்கின்றன. கிளச்சை இழுத்துவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை விடுகிறார்கள். கிளச் தட்டு தேய்ந்திருந்தாலோ தடி கொஞ்சம் வழுக்கினாலோ தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். அந்த ஒரு சுற்றே போதும். எஞ்சினை முழுதாக நிறுத்த வேண்டும். சுற்றியது புல்லானாலும் கம்பியானாலும், அவசரமானாலும் ஆறுதலானாலும், இதில் விதிவிலக்கு இல்லை. ‘மறுபடி ஹான்டில் சுத்த வேணும், ஃபாதர்’ என்று இளைஞர்கள் முறையிடுவார்கள். எஞ்சின் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டிருந்தால் இரண்டு சுற்றில் பிடிக்கும். பிடிக்காத எஞ்சினை வைத்திருப்பவர்தான் நிறுத்தப் பயப்படுகிறார்.

பின்னெடுக்கும்போது றொட்டவேற்றர் கட்டாயம் விடுபட்டிருக்க வேண்டும். பின் கியரில் கைபிடிகள் மேலே எழும்பப் பார்க்கும். எழும்பும் கைபிடியை அமத்திப் பிடித்துக்கொண்டு நடப்பவர், தனக்குப் பின்னால் பனையும் கிணற்றுக் கட்டும் இருப்பதை மறந்துவிடுவார். இயந்திரத்துக்கும் மரத்துக்கும் இடையில் ஆள் நசிபடுவது இப்படித்தான். கிளச்சை மெதுவாக விடுங்கள். இடமிருந்தால் பின்னெடுக்காமல் வட்டமடித்துத் திரும்புங்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாறத்தை மடித்துக் கட்டியபடி, தோளில் துவாயுடன் உழுவது எமது வழமை. அந்தத் துவாய் பெல்றில் அகப்பட்டால் கழுத்தையும் சேர்த்து இழுக்கும். துவாயைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது வரம்பில் வைத்துவிட்டு வாருங்கள். சாறத்துக்குப் பதிலாகக் கட்டைக் காற்சட்டை நல்லது. மேட்டுக் காணியில் சப்பாத்து அவசியம். சேற்று வயலில் சப்பாத்துப் போட்டு நடக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அங்கே வெறுங்காலோடு நடப்பவர் நேர் பின்னால், கைபிடியின் முழு நீளத்துக்கும் விலகி நடக்க வேண்டும். பெல்றின் மேலிருக்கும் தகர மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் இயந்திரங்களை எத்தனையோ கிராமங்களில் காண்கிறோம். மூடி தொலைந்திருந்தால் ஊர்ப் பட்டறையில் ஒரு தகட்டை வளைத்துப் பொருத்துங்கள்.

இறக்கத்தில் திருப்பம் மாறும்

புதிதாக ஓட்டுகிறவர்களை ஏமாற்றும் விடயம் இதுதான். சற்று ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு கைபிடிகளின் கீழும் திருப்புவதற்கான சிறிய கிளச் ஒவ்வொன்று உண்டு. சமதரையில் இடது கிளச்சை அழுத்தினால் இடது சில்லுக்குச் சக்தி போகாது, வலது சில்லு தள்ளும், இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் நிலைமை வேறு. அங்கே பெட்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ளுகிறது. எஞ்சின்தான் சில்லுகளைத் தடுத்து வைத்திருக்கிறது. இப்போது இடது கிளச்சை அழுத்தினால் இடது சில்லு அந்தத் தடுப்பிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் போக நினைத்தவர் வலப்பக்கம் போவதைக் கண்டு இன்னும் இறுக்கி அழுத்துவார். அது இன்னும் வலப்பக்கம் போகும்.

இரணைமடு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் போன்ற குளங்களின் கட்டிலிருந்து வயலுக்கு நெல்மூட்டையோ பசளையோ ஏற்றி இறங்குகிறவர்கள் இதை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இறங்கத் தொடங்குமுன் மேலே நிறுத்தி, மிகக் குறைந்த கியருக்கு மாற்றுங்கள். இறங்கும்போது சிறிய கிளச்சுகளைத் தொடாமல் கைபிடிகளைக் கையால் தள்ளியே திருப்புங்கள். பெரிய கிளச்சை இழுத்து ‘சும்மா’ உருள விடவே கூடாது. டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து அப்படிச் செய்கிறார்கள். மிச்சமாவது அரைக் கோப்பை டீசல்.

வரம்பைக் கடக்கும்போது சாய்வாக ஏறாமல் நேராக ஏற வேண்டும். றொட்டவேற்றர் நின்றிருக்க வேண்டும். உயர்ந்த வரம்பானால் ஓரிடத்தை மண்வெட்டியால் வெட்டித் தாழ்த்திவிட்டுக் கடப்பது நல்லது. வரம்பைப் பிறகு கட்டலாம்.

பெட்டியில் ஏறி இருந்து ஓட்டும்போது

பெட்டியைக் கொழுவியதும் ஓட்டுகிறவர் ஆசனத்தில் ஏறி இருக்கிறார். உழும்போது நடப்பவர் இப்போது இருந்து ஓட்டுகிறார், பார்வையும் எச்சரிக்கையும் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. கொழுவி ஆணி முழுதாக இறங்கி, அதற்குப் பூட்டு ஆணியும் போடப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும். பெட்டிக்கு உள்ள கால் பிறேக்கை ஏறியவுடன் ஒரு தரம் மிதித்துப் பாருங்கள். பாரத்தைப் பின்னால் குவித்தால் முன்பக்கம் இலேசாகிச் சில்லுப் பிடிப்பை இழக்கும். எஞ்சின் பக்கமாகவும் சமனாகவும் ஏற்றுங்கள்.

பிள்ளைகளை மட்கார்ட்டின் மேலோ, ஆசனத்துக்கு முன்னாலுள்ள இணைப்புச் சட்டத்திலோ இருத்தக் கூடாது. அங்கிருந்து விழும் பிள்ளை வெளியே விழாது, சில்லின் கீழேயே விழும். திருவிழாவுக்கும் கடற்கரைக்கும் போகும்போது இருபது பேர் ஏறுவதைப் பார்க்கிறோம். மடுத் திருவிழாவுக்குப் போகும் வழியில் நானே இறக்கி நடக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்காக என்னோடு கோபித்தவர்களும் உண்டு.

இரவில் ஏ9 வீதியிலும் மன்னார் வீதியிலும் வெளிச்சமின்றி ஊரும் பெட்டிகள் பெரும் ஆபத்து. பின்னால் வருகிற பஸ் சாரதிக்கு அது கடைசி நிமிடத்தில்தான் தெரியும். பெட்டியின் பின்பலகையில் சிவப்பு ஒளிதெறிப்பான் இரண்டையாவது ஆணியடித்து வைக்க வேண்டும். கூடுமானவரை பொழுது படுமுன் வீடு வந்து சேருங்கள். இரும்புச் சில்லுப் போட்டபடி தார் வீதியில் ஏற வேண்டாம்.

காணிக்குள் இறங்குமுன்

நீண்ட காலம் கைவிடப்பட்டிருந்த காணிகளுக்குத் திரும்புகிற குடும்பங்களுக்கு இந்தப் பகுதி. மற்றவர்களும் வாசிக்கலாம்.

காணி விடுவிக்கப்பட்டது என்பதும், அதில் மிதிவெடி அகற்றப்பட்டது என்பதும் ஒன்றல்ல. முகமாலை, பளைப் பகுதி போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல ஆண்டுகளாகத் தொடர்ந்தது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடைச் சாசனத்தில் சேர்ந்தது. அதன்படி தனது நிலத்தைத் துப்புரவாக்க 2028 ஜூன் வரை அவகாசம் பெற்றது. ஆகவே உங்கள் காணி துப்புரவாக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு உறுதிப்படுத்தாமல் இயந்திரத்தை இறக்கவே வேண்டாம். பக்கத்துக் காணிக்காரர் உழுதார், ஒன்றும் ஆகவில்லை என்பது அத்தாட்சி ஆகாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகையை விறகுக்காகப் பிடுங்கியவர்களும் இருக்கிறார்கள். பலகை இல்லாததும் அத்தாட்சி ஆகாது.

துப்புரவான காணியிலும் உழவுக்கு முதல் நாள் பகல் வெளிச்சத்தில் நடந்து பார்க்க வேண்டும். புல் மூடிய பதுங்குகுழி, கட்டு இடிந்த கிணறு, முட்கம்பிச் சுருள், பங்கருக்குப் போட்ட பனங்குற்றி, இவையெல்லாம் இன்னும் இருக்கின்றன. இயந்திரம் முன்னால் போவதால் குழியில் முதலில் விழுவது அதுதான், ஆனால் கைபிடியைப் பிடித்தவரும் கூடவே போவார். குழிகளைச் சுற்றித் தடி நட்டுத் துணி கட்டிவிடுங்கள்.

உழும்போது கத்தியில் இரும்பு பட்ட சத்தம் கேட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். அது பழைய கலப்பைக் கொழுவாகவும் இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். இனந்தெரியாத பொருளானால் தொடாமல், தட்டிப் பார்க்காமல், பழைய இரும்புக்காரருக்கு விற்கலாம் என்று எண்ணாமல், வந்த தடத்திலேயே திரும்பி நடந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். இயந்திரம் அங்கேயே நிற்கட்டும்.

ஒயில், தண்ணீர், காற்று

சுகமாக உள்ள எஞ்சின் கேட்பது மிகவும் கொஞ்சம். ஆனால் அதை ஒவ்வொரு நாளும் கேட்கும்.

ஒயில் அளவை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, அளவுக் கோலால் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். மேல் கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் கூடாது. புதிய எஞ்சினில் முதல் ஒயிலை விரைவாக மாற்ற வேண்டும், ஏறத்தாழ 50 மணித்தியாலத்தில். பின்னர் பெரும்பாலான எஞ்சின்களுக்கு 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. இயந்திரத்தோடு வந்த புத்தகம் வேறு விதமாகச் சொன்னால் புத்தகத்தையே கேளுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். வடித்த ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கீழே உள்ள குடிதண்ணீருக்குப் போய்ச் சேரும். 2013, 2014 ஆம் ஆண்டுகளில் சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினையை நாம் எல்லோரும் அறிவோம்.

தண்ணீர்த் தொட்டியுள்ள எஞ்சினில் தண்ணீர் கொதித்து ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். மிதவையின் சிவப்புத் தலை தாழ்ந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதைப் பாராமல் ஓட்டி எஞ்சின் மிகவும் சூடேறிவிட்டால், பதறியடித்துப் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது, இரும்பு வெடித்துவிடும். பாரத்தை நீக்கி, மெதுவாக ஓடவிட்டு ஆறவைத்தபின் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மூடியுள்ள றேடியேற்றராக இருந்தால் சூட்டோடு மூடியைத் திறக்க வேண்டாம். வாய்க்கால் சேற்றுத் தண்ணீரை வார்ப்பதும் தொட்டிக்குள் சேறு படியச் செய்யும்.

எல்லாவற்றிலும் அதிகம் மறக்கப்படுவது காற்று வடி. செம்மண் தறையில் வெயிலில் உழும்போது எஞ்சின் தூசையே சுவாசிக்கிறது. ஒயில் குண்டு வகைக் காற்று வடியில் அடியிலுள்ள ஒயில் தூசைப் பிடித்து வைக்கிறது. அந்த ஒயில் சேறாகிவிட்டால் தூசு நேரே சிலிண்டருக்குள் போய் அரம் போல அராவும். தூசு வேலையில் ஒவ்வொரு நாளும் கழற்றிப் பாருங்கள். கம்பி வலையை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, புதிய ஒயிலைக் கோடு வரை ஊற்றிப் பூட்டுங்கள். இரண்டு வருடத்தில் புகை தள்ளத் தொடங்கும் எஞ்சின்களின் நோய்க்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தகரக் குண்டில்தான் இருக்கிறது. புது இயந்திரத்தை ஆசீர்வதிக்கக் கோவிலடிக்குக் கொண்டு வருகிறார்கள். மனமுவந்து ஆசீர்வதிக்கிறேன். தீர்த்தம் தெளித்தபின் காற்று வடியைத் திறந்து காட்டச் சொல்வேன், அதுவும் அந்தச் சடங்கின் பகுதியாகிவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெல்றின் நடுவில் விரலால் அமத்தினால் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை தாழ வேண்டும். தளர்ந்தால் வழுக்கும், இறுகினால் தண்டின் பெயரிங் போகும். இரண்டு ரயரிலும் காற்று ஒரே அளவாக இல்லாவிட்டால் இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கும். கத்திகளின் போல்ற்றுகளை வேலை தொடங்குமுன் தினமும் இறுக்குங்கள். கத்தி மாற்றும்போது றொட்டவேற்றரைக் கட்டையின் மேல் நிறுத்துங்கள். ஒருவர் கைபிடியைத் தாங்கிப் பிடிக்க மற்றவர் கீழே படுத்து வேலை செய்வது வேண்டாம். இடக் கத்தியும் வலக் கத்தியும் வளைவில் வேறுபடும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் பூட்டினால் மாறாது.

டீசலை எஞ்சின் ஓடும்போது ஊற்றாதீர்கள். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, ஜூலையில் கியூஆர் அட்டை முறை தொடங்கியபோது, கிடைத்த நேரத்தில் கான்களில் வாங்கிக் கொட்டிலுக்குள் வைத்துப் பழகிவிட்டோம். அடுப்பும் குப்பிவிளக்கும் உள்ள கொட்டிலில் அது இருக்கக் கூடாது. வெளியே, நிழலில், பூட்டிய பெட்டியில் வையுங்கள். டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் பழக்கமும் அப்போது பரவியது. மண்ணெண்ணெய்க்கு வழுக்குந்தன்மை குறைவு. டீசல் பம்பி அதனால் தேய்ந்துபோகும்.

எஞ்சின் புகையையும் மறக்க வேண்டாம். மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. கிணற்றுக்குள் நீர்ப்பம்பியை இறக்கி ஓடவிட்டு, பின்னர் உள்ளே இறங்குபவர் இறப்பதும் இந்தப் புகையின் நஞ்சாலேயே. அவரைத் தூக்க இறங்குபவரும் கூடவே இறக்கிறார்.

ஓர் இயந்திரம், பல குடும்பங்கள்

அமைப்புக்குக் கொடுக்கப்பட்ட இயந்திரங்கள் பல, சில வருடங்களில் துருப்பிடித்துக் கிடப்பதற்குத் தொழில்நுட்பம் காரணமல்ல. எல்லோரும் ஓட்டுகிறார்கள், ஒருவரும் ஒயில் பார்ப்பதில்லை. பொதுச் சொத்து என்பது எல்லோருடைய சொத்து என்று கூட்டத்தில் பேசுகிறோம், வயலில் அது ஒருவருடையதும் அல்லாததாகிவிடுகிறது.

எனது கருத்தில், ஒரு போகத்துக்கு ஒருவரே பொறுப்பாளராக இருக்க வேண்டும். அவர் தவிர வேறெவரும் ஓட்டக் கூடாது, அல்லது அவர் அனுமதித்த ஒருவர் மட்டும். ஒரு கொப்பியில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஊற்றிய டீசல், மாற்றிய ஒயில் எல்லாம் எழுதப்பட வேண்டும். இந்த எஞ்சின்கள் பலவற்றில் மணித்தியாலம் காட்டும் கருவி இல்லை. கொப்பி இல்லாவிட்டால் நூறு மணித்தியாலம் எப்போது வந்தது என்று எவருக்கும் தெரியாது. உழவுக்கூலியில் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பராமரிப்புக்கென்று ஒதுக்கி, அதனை ஓட்டுகிறவரிடமல்லாமல் வேறொருவரிடம், கூடுமானால் ஒரு பெண்ணிடம், கொடுத்து வையுங்கள். மாதர் சங்கங்களில் கணக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

குடும்பத்தைத் தலைமை தாங்கும் பெண்கள் கூலிக்கு ஆள் பிடித்து உழுவிக்கிறார்கள். ‘அவருக்குத் தொழில் தெரியும், நான் என்னத்தைச் சொல்ல’ என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். உங்கள் காணியில், உங்கள் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் ஓடுகிற இயந்திரம் அது. வெறித்துவிட்டு வந்தவரை உழவிடாமல் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. அன்றைக்கு உழவு பிந்தும், அவ்வளவுதான்.

காயம் ஏற்பட்டால் சுத்தமான துணியால் காயத்தை நேரே அமத்திப் பிடித்து, அந்த உறுப்பை உயர்த்தி வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். கோப்பித்தூளும் மண்ணெண்ணெயும் காயத்தில் போட வேண்டாம். விரல் துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டு செல்லுங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. சேற்றுக் காயம் சிறியதானாலும் ஏற்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

வெள்ளமும் ஓய்வுக்காலமும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளத்தில் இயந்திரங்களும் மூழ்கின. மூழ்கிய எஞ்சினை ஓடுகிறதா பார்ப்போம் என்று சுழற்றுவதுதான் அதைக் கொல்கிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, உள்ளே இருக்கும் தண்டுதான் வளையும். எஞ்சின் ஒயில், கியர்ப் பெட்டி ஒயில், டீசல் மூன்றையும் முழுதாக வடித்து, காற்று வடியைக் கழற்றிக் கழுவி, திருத்துநர் பார்த்தபின்பே சுழற்ற வேண்டும். வெள்ளம் மண்ணோடு வெடிபொருட்களையும் நகர்த்தக்கூடும். மிதிவெடி இருந்த பகுதிக்கு அருகிலுள்ள வயலாயின் மறுபடி விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

போகம் முடிந்து மாதக்கணக்கில் நிறுத்தும்போது சேற்றைக் கழுவி, கத்திகளுக்கும் தண்டுகளுக்கும் கிறீஸ் பூசுங்கள். தொட்டித் தண்ணீரை வடித்துவிடுங்கள். டீசல் தாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படியாது. சில்லுகளைக் கட்டையின் மேல் உயர்த்தி, பெல்றைத் தளர்த்தி விடுங்கள். கடைசியாகச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றி, அமுக்கம் பிடித்து இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் வால்வுகள் மூடியிருப்பதால் ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. ஹான்டிலை இயந்திரத்தோடு விடாமல் கழற்றி வந்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வீட்டுக்குள் மாட்டி வையுங்கள்.